புரோக்கர் இல்லாமல் சென்னையில் வீடு: மாம்பலம் முதல் ஆதம்பாக்கம் வரை 19 நாள் தெருத்தெருவாக ஒரு தேடல்!

சென்னையில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் முதலில் போர்டு படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கேட்டில் கம்பி வைத்துக் கட்டிய தகரம், பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் மார்க்கரால் எழுதியது, பிரின்ட் எடுத்து பிளாஸ்டிக் கவருக்குள் போட்டது, ஸ்லேட்டில் சாக்பீஸால் எழுதி ஜன்னல் கம்பியில் மாட்டியது எனப் பல ரகம். 'டு லெட்'டுக்கு நடுவில் ஒரு 'ஐ' சேர்த்து வீட்டையே கழிப்பறை ஆக்கிவிட்டுப் போகும் ஸ்கூல் பசங்களின் கைவண்ணமும் உண்டு.

கரன்ட் கம்பத்தில் ஒட்டிய நோட்டீஸில் '1, 2, 3 பி.ஹெச்.கே' என்று மூன்றும் இருந்தால் அது புரோக்கர் நம்பர். ஒரே வீட்டுக்காரரிடம் மூன்று சைஸிலும் வீடு காலியாக இருக்குமா என்ன? கேட்டிலேயே தொங்கி, எழுத்தும் கோணல்மாணலாக இருந்தால் பெரும்பாலும் ஓனர். சந்தேகம் இருந்தால் போன் போட்டுப் பாருங்கள். 'உங்க பட்ஜெட் எவ்ளோ?' என்று ஆரம்பித்தால் புரோக்கர். 'எத்தனை பேரு?' என்று ஆரம்பித்தால் ஓனர். 19 நாளில் நான் செய்த 60 சொச்சம் அழைப்புகளில் இந்தக் கணக்கு இரண்டு முறைதான் பொய்த்தது.

எதற்கு இவ்வளவு பாடு, ஒரு மாத வாடகையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று ஆபீஸில் பலர் கேட்டார்கள். எங்கள் வீட்டுக் கணக்கு வேறு. நான் இரண்டு வருடமாக சைதாப்பேட்டையில் பி.ஜி-யில் இருக்கிறேன். தம்பிக்கு இந்த வருடம் சென்னையில் பி.காம் கிடைத்தது. ஒரு மாதமாகத் தாம்பரத்தில் சித்தப்பா வீட்டில் இருந்து போய் வருகிறான். ஹாஸ்டல், பி.ஜி, ஊர் வீடு என்று மூன்று இடத்தில் பணம் கரைவதைவிட எல்லாரும் ஒரே இடத்தில் இருப்போம் என்று கோவில்பட்டியிலிருந்து அம்மா கிளம்பத் தயாரானார். அப்பா இல்லை. அட்வான்ஸுக்கு அம்மா தன் செயினை பேங்கில் வைத்து 80,000 ரூபாய் வாங்கியிருந்தார்.

"பாப்பா, இந்த 80,000-க்கு வருசத்துக்கு வட்டியே 8,000 சொச்சம்தான் வரும். புரோக்கருக்கு 15,000 குடுத்தா ரெண்டு வருச வட்டியத் தூக்கிக் குடுத்த மாதிரி. நீதான் பேப்பர்க்காரியாச்சே, தேடிக் கண்டுபிடி" என்றார் போனில். அவ்வளவுதான், விவாதம் முடிந்தது.

சென்னை நடைமுறை இதுதான்: வீட்டைக் காட்டி முடித்துக் கொடுத்தால், புரோக்கர் நம்மிடம் ஒரு மாத வாடகை வாங்குவார். பல இடங்களில் ஓனரிடமும் ஒரு தொகை வாங்குவார். அவர்களைத் திட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. ஏரியாவில் ஐம்பது வீடுகளின் சாவியை வைத்துக்கொண்டு, வெயிலில் டூவீலரில் அலைந்து பத்து பேருக்குக் காட்டி ஒருவருக்கு முடித்துக் கொடுக்கும் வேலை சுலபமில்லை. வெளியூரில் இருந்துகொண்டு இரண்டு நாளில் வீடு வேண்டும் என்பவர்களுக்கு அவர்கள்தான் கதி. எங்களிடம் பணம் குறைவாகவும், நேரம் கொஞ்சம் அதிகமாகவும் இருந்தது. அதனால் நடந்தோம்.

மாம்பலம்: 'தப்பா எடுத்துக்காதீங்கோ!'

என் ஆபீஸ் அண்ணா சாலையில். தம்பியின் கல்லூரிக்குத் தாம்பரம் ரயில்தான் வசதி. எனவே மாம்பலத்திலிருந்து பழவந்தாங்கல் வரை எலெக்ட்ரிக் ட்ரெயின் பாதையை ஒட்டித் தேடுவது என்று முடிவு. ஜூலை 12 காலையில் மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினோம். கிழக்குப் பக்கம் இறங்கினால் ரங்கநாதன் தெரு, கூட்டம், ஜவுளி. மேற்குப் பக்கம் இறங்கினால் வேறு ஊர். காய்கறிக் கடைகள், பூக்கட்டும் பெண்கள், காபித்தூள் வாசனை, அயோத்யா மண்டபம், ஆரிய கவுடா சாலை. தெருக்கள் குறுகல். அதில் நாற்பது வருடப் பழைய மூன்று மாடி ஃபிளாட்டுகள், லிஃப்ட் இல்லாமல், மாடிப்படியில் கோலம் போட்டு.

எனக்கு அந்த ஏரியா ரொம்பப் பிடித்தது. அந்த ஏரியாவுக்குத்தான் எங்களைப் பிடிக்கவில்லை. பார்த்த ஒன்பது போர்டுகளில் நான்கில் 'வெஜிடேரியன்ஸ் ஒன்லி'. மீதி இருந்த ஒன்றில் பெல் அடித்தோம். கதவைத் திறந்த மாமி சிரித்த முகமாகத் தண்ணீர் கொடுத்தார், வீட்டைச் சுற்றிக் காட்டினார், சமையலறையில் நின்று, "நீங்க நான்வெஜ்ஜா?" என்றார். ஆமாம் என்றேன். "தப்பா எடுத்துக்காதீங்கோ, மாடில எங்க மாமியார் இருக்கா" என்றார். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லைதான். ஆனால் வெளியே வந்ததும் தம்பி கேட்டான், "அக்கா, போர்டுலயே எழுதியிருந்தா மூணு மாடி ஏறியிருக்க வேண்டாம்ல?"

சாப்பாட்டுக் கேள்வியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த கேள்விதான் சிக்கல். 'சொந்த ஊர் எது?' என்று ஆரம்பித்து, 'கோவில்பட்டியில எந்தத் தெரு?', 'அப்பா பேரு?', 'குலதெய்வம் எங்கே?' என்று சுற்றிச் சுற்றி ஓர் இடத்தில் வந்து நிற்பார்கள். எங்கே நிற்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும். நேரடியாகவே, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்ட ஒருவரை அந்த நேர்மைக்காகப் பாராட்டலாமா என்று யோசித்தேன்.

என்னுடன் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி நான்கு மாதமாக வீடு தேடுகிறாள். இஸ்லாமியப் பெண். போனில் எல்லாம் சரியாகப் பேசி, கடைசியில் பெயர் சொன்னதும், 'அச்சச்சோ, நேத்துதாம்மா வீடு முடிஞ்சுது' என்பார்களாம். அதே வீட்டின் போர்டு மறுவாரமும் தொங்கும். 'நான் இப்பல்லாம் பேரைத்தான் முதல்ல சொல்றேன். போன் பில்லாவது மிச்சம்' என்று சிரிப்பாள். அவளிடம் நான் என் 19 நாள் கஷ்டத்தைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

புரோக்கருக்கு நாம் கொடுக்கும் பணத்தில் பாதி, 'நல்ல ஃபேமிலி சார், நமக்குத் தெரிஞ்சவங்கதான்' என்று ஓனரிடம் அவர் சொல்லும் அந்த ஒரு வரிக்கான விலை. இது எனக்கு மாம்பலத்தில்தான் உறைத்தது. புரோக்கர் வேண்டாம் என்றால் அந்த வரியை நமக்காக வேறு யாராவது சொல்ல வேண்டும். யார் சொல்வார்கள்?

ஒரு விஷயம் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மாம்பலம், அடையாறு மாதிரி ஏரியாக்களில் வீடு வீடாக இலவசமாகப் போடப்படும் உள்ளூர் வார இதழ்கள் உண்டு. 'மாம்பலம் டைம்ஸ்', 'அடையார் டைம்ஸ்' போன்றவை. அவற்றின் வரி விளம்பரங்களை சும்மா என்று நினைக்காதீர்கள். ஆப்-களை நம்பாத, வாட்ஸ்அப்பில் குட்மார்னிங் மட்டும் அனுப்பத் தெரிந்த ரிட்டயர்டு வீட்டுக்காரர்கள் விளம்பரம் கொடுக்கும் இடம் அது. 'புரோக்கர்கள் தொடர்புகொள்ள வேண்டாம்' என்று அவர்களே போட்டுவிடுவார்கள்.

ராத்திரி ஆப், பகலில் தெரு

பகலில் நடை, இரவில் மொபைல். புரோக்கர் இல்லை என்று சொல்லும் தளங்கள், ஃபேஸ்புக் குழுக்கள் எல்லாவற்றிலும் தேடினேன். அவற்றிலும் புரோக்கர்கள் ஓனர் வேஷத்தில் இருக்கிறார்கள். கண்டுபிடிக்க எளிய வழி, அந்த நம்பரைத் தேடல் பெட்டியில் போடுவது. வேறு மூன்று ஏரியாவில் அதே நம்பர் வந்தால் விஷயம் முடிந்தது. சில தளங்கள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஓனர் நம்பரைப் பார்க்க பிளான் வாங்கச் சொல்கின்றன. ஒரு மாத வாடகையோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனாலும் கட்டணம் கட்டணம்தான் என்று நான் வாங்கவில்லை.

மோசடிகளும் தாராளம். நங்கநல்லூரில் 2 பி.ஹெச்.கே, பளபள மாடுலர் கிச்சன், வாடகை 11,000 என்று ஒரு விளம்பரம். அந்தப் படத்தில் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மலை எந்த ஊர் மலை என்று தெரியவில்லை. நிச்சயம் பரங்கிமலை இல்லை! பேசியவர் தான் ராணுவத்தில் இருப்பதாகவும், வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிவிட்டதாகவும் சொன்னார். வீட்டைப் பார்க்க கேட் பாஸ் வேண்டும், அதற்கு 2,500 ரூபாய் யு.பி.ஐ-யில் அனுப்புங்கள், பிறகு திருப்பித் தருவோம் என்றார். இந்த 'கேட் பாஸ்' வித்தை ஊரறிந்தது. வீட்டுக்குள் கால் வைக்காமல், ஓனரை நேரில் பார்க்காமல் டோக்கன் அட்வான்ஸ், விசிட்டிங் சார்ஜ் என்று எதற்காகவும் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். அனுப்பி ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் க்ரைம் உதவி எண்ணை அழையுங்கள்.

'லீஸுக்கு வீடு' என்று வரும் விளம்பரங்களிலும் கவனம் தேவை. சென்னையில் 'லீஸ்' என்றால் நம் ஊர் ஒத்தி, போக்கியம் மாதிரி. மொத்தமாகப் பல லட்சம் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது. உண்மையான ஓனரிடம் போட்டால் நல்ல ஏற்பாடுதான். ஆனால் இடையில் ஒருவர் ஓனரிடம் மாத வாடகைக்கு எடுத்து, நம்மிடம் லீஸ் பணம் வாங்கி, சில மாதம் வாடகை கட்டிவிட்டுக் காணாமல் போகும் மோசடிகள் இந்த நகரத்தில் நடந்திருக்கின்றன. ஓனர் பெயரில் உள்ள சொத்து வரி ரசீதையும் இ.பி. கார்டையும் பார்க்காமல் பெரிய தொகை கைமாறக் கூடாது.

வேளச்சேரி: புது பெயின்ட்டின் ரகசியம்

ரயில் பாதையை விட்டு ஒருநாள் மட்டும் வேளச்சேரிக்குப் போனோம். கிரவுண்ட் ஃப்ளோர், 2 பெட்ரூம், 13,000 ரூபாய். அந்த ஏரியாவுக்கு அது நம்ப முடியாத விலை. ஓனர் தன்மையான மனிதர். சாதி கேட்கவில்லை, சாப்பாடு கேட்கவில்லை. அட்வான்ஸும் 50,000 போதும் என்றார். வீடு முழுக்கப் புது பெயின்ட் வாசனை. தம்பிக்கு அப்போதே டோக்கன் கொடுத்துவிட வேண்டும் என்று துடிப்பு.

தெருமுனையில் அயர்ன் வண்டிக்காரர் ஒருவர் இருந்தார். பேச்சுக் கொடுத்தோம். அவர் வார்த்தையால் எதுவும் சொல்லவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எதிர் காம்பவுண்டுச் சுவரைக் காட்டினார். என் இடுப்பு உயரத்தில் ஒரு மங்கலான கோடு. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் மழை. "அதுக்கு முன்னாடி 2015-ல இதுக்கும் மேல. தெருவுல போட்டு விட்டாங்க" என்றார். போட்டு என்றால் படகு.

சென்னையில் வீடு பார்க்கும்போது உள்ளே எத்தனை நேரம் செலவழிக்கிறீர்களோ, அதைவிட அதிக நேரம் வெளியே நில்லுங்கள். வேளச்சேரி, முடிச்சூர், வரதராஜபுரம், பள்ளிக்கரணை பக்கம் என்றால் கட்டாயம். தெருவில் உள்ள மற்ற வீடுகளின் வாசற்படி ரோட்டைவிட எவ்வளவு உயரம், காரை எங்கே நிறுத்துகிறார்கள், கிரவுண்ட் ஃப்ளோர் வீடுகளில் ஃப்ரிட்ஜ் செங்கல் மேல் நிற்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது கேள்விக்கு வாசலில் நின்றபடியே பதில் கிடைத்துவிடும். ஊர்க்காரியான எனக்கு வாடகை வீட்டில் தண்ணீர் 'வராதது' மட்டும்தான் பிரச்னை என்று தோன்றியிருக்கும். இங்கே தண்ணீர் வருவதும் பிரச்னை.

வராத தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டுமே. 'மெட்ரோ வாட்டர் இருக்கு' என்று எல்லா ஓனரும் சொல்வார்கள். தினமுமா, ஒருநாள் விட்டு ஒருநாளா, கையால் அடிக்கிற பம்பா, சம்ப்பிலிருந்து மோட்டாரில் ஏறுகிறதா, கோடையில் லாரி வாங்கினால் யார் காசு என்பதை நாம்தான் கேட்க வேண்டும். பாத்ரூம் குழாயின் மூக்கில் வெள்ளையாகப் படிந்திருந்தால் போர் தண்ணீர் உப்பு என்று அர்த்தம். கரன்ட்டுக்குத் தனி மீட்டரா, சப் மீட்டரா என்பதும் முக்கியம். தனி இணைப்பு என்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் அரசு கணக்கில் இலவசம். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய், 10 ரூபாய் என்று ஓனரே வசூலிக்கும் வீட்டில் நமக்கு அந்தச் சலுகை வந்து சேர்வதில்லை. ஆயிரம் ரூபாய் வாடகை குறைவாக இருக்கிறதே என்று போனால் அது இ.பி-யில் போய்விடும்.

நங்கநல்லூரும் ஆடி மாசமும்

ஜூலை 17, ஆடி பிறந்தது. அன்றிலிருந்து அம்மா போனில் தினமும் ஒரே பல்லவி. "வீட்டப் பாரு, பேசு, முடி. ஆனா ஆவணில தான் பால் காய்ச்சணும்." எனக்கு எரிச்சலாக இருந்தது. பி.ஜி-யை ஜூலை 31-க்குள் காலி செய்கிறேன் என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. ஆடியில் குடி போகாவிட்டால் அந்த இரண்டு வாரம் எங்கே போவது?

ஆனால் நங்கநல்லூரில் நடக்க ஆரம்பித்தபோதுதான் ஆடியின் அருமை தெரிந்தது. பழவந்தாங்கல் ஸ்டேஷனில் இறங்கி, 32 அடி ஆஞ்சநேயர் கோயில் பக்கமாக நடந்தால் தெருவுக்கு நாலு கோயில். அங்கே பாதி வீடுகளில் ரிட்டயர்டு பெரியவர்கள், பிள்ளைகள் அமெரிக்காவில். மே, ஜூனில் ஸ்கூல் திறக்கும் சமயத்தில் இதே தெருக்களில் ஒரு போர்டுக்குப் பத்து பேர் வந்து நிற்பார்களாம். ஆடியில் தேடுகிறவர்களே இல்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வாடகையும் இல்லை. மார்கழியிலும் இப்படித்தான் என்றார் ஒரு பெரியவர். ஆகவே இந்த இரண்டு மாதங்களில் பேரம் பேசும் சக்தி நம் பக்கம் சாய்கிறது. 18,000 என்று ஆரம்பித்த ஒரு வீட்டை, நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவராகவே 16,000-க்கு இறக்கினார். அதுவும் எங்களுக்கு எட்டாத தொகை என்பது வேறு விஷயம். உங்களுக்கு ஆடியில் பால் காய்ச்ச ஆட்சேபம் இல்லையென்றால் நீங்கள் பாக்கியசாலி. ஆட்சேபம் இருந்தாலும், ஆடியில் பேசி முடித்து ஆவணி முதல் தேதியிலிருந்து வாடகையைக் கணக்கிடச் சொல்லலாம்.

நங்கநல்லூரில் எங்களுக்கு வந்த கேள்வி வேறு மாதிரி. "வீட்ல ஆம்பளைங்க யாரு?" தம்பியைக் காட்டுவேன். 18 வயது, மீசை இப்போதுதான் அரும்புகிறது. அவனும் உடனே நெஞ்சை நிமிர்த்தி நிற்பான். சம்பாதிப்பது நான், செயினை அடகு வைத்தது அம்மா. ஆனால் அக்ரிமென்ட்டை அவன் பெயரில் போட்டுவிடலாமே என்று ஒரு ஓனர் யோசனை சொன்னார். சென்னை ஒருகாலத்தில் தனியாக வந்த ஆண்களுக்கு திருவல்லிக்கேணியின் மேன்ஷன்களைத் திறந்துவைத்தது. ஒரு பெட்டி, ஒரு கட்டில், மாத வாடகை, கேள்வி ஏதுமில்லை. ஒரு பெண் தன் அம்மாவோடும் தம்பியோடும் வந்து நின்றால், 'ஃபேமிலி'தானா என்று இன்னமும் யோசிக்கிறார்கள்.

மாவுக் கடை அக்கா

நங்கநல்லூரை ஒட்டியே ஆதம்பாக்கம். ஒரே பாணித் தெருக்கள், வாடகை மட்டும் இரண்டாயிரம் குறைவு. ஜூலை 26, சனிக்கிழமை. போர்டே இல்லாத ஒரு தெருவில் கால் வலித்து நின்றோம். எதிரே ஒரு மாவுக் கடை. கிரைண்டர் இரண்டு, ஃப்ரிட்ஜ் ஒன்று, முன்னால் ஒரு பெஞ்ச். உட்காரலாமா என்று கேட்டோம். எதற்கு அலைகிறோம் என்று அக்கா கேட்டார். சொன்னோம்.

இட்லி மாவு விற்பவருக்குத் தெரிவது வார்டு கவுன்சிலருக்குக்கூடத் தெரியாது. எந்த வீட்டில் எத்தனை பேர், யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள், யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்பதெல்லாம் பாக்கெட் கணக்கிலேயே தெரிந்துவிடுமாம். "பின்னாடி தெரு டீச்சரம்மா வீட்டு மாடில ஒரு ஃபேமிலி. பையனுக்கு பெங்களூர்ல வேலை, மாசக் கடைசில காலி பண்றாங்க. அதான் இந்த வாரம் ஒத்தப் பாக்கெட்டோட நிறுத்திட்டாங்க. டீச்சரம்மா இன்னும் போர்டு போடல" என்றார். அப்புறம் அம்மா என்ன செய்கிறார், எங்கே வேலை, தம்பி என்ன படிக்கிறான் என்று கேட்டார். ஓனர்கள் கேட்ட அதே கேள்விகள்தான். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து பதில் சொல்வது கஷ்டமாக இல்லை. பத்து நிமிடம் கழித்துக் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவரே கூட வந்தார். கேட்டைத் திறந்ததும் சொன்னார்: "டீச்சரம்மா, நல்ல பிள்ளைங்க. நம்ம பிள்ளைங்கதான்."

அந்த ஒரு வரி. அதற்கு முந்தைய 14 நாள்களாக நாங்கள் தேடியது இதைத்தான்.

மாடி வீடு, ஒரு பெட்ரூம், ஹாலில் தம்பி படுக்கலாம். தனி மீட்டர். சம்ப்பிலிருந்து மோட்டார். வாசற்படி ரோட்டைவிட மூன்றடி உயரம். வாடகை 14,000. அட்வான்ஸ் ஒரு லட்சம் என்றார் டீச்சரம்மா. என்னிடம் இருந்தது 80,000, அதுவும் அம்மாவின் கழுத்திலிருந்து வந்தது என்பதை ஒளிக்காமல் சொன்னேன். வீடு எப்படியும் ஆவணி வரை காலியாகத்தான் இருக்கும் என்பதையும் மெதுவாகச் சொன்னேன். 'யோசிச்சுச் சொல்றேன்' என்று அனுப்பிவிட்டார். நான்கு நாள் சத்தமே இல்லை. 30-ம் தேதி இரவு போன். நான்கு மாத வாடகை, 56,000 போதும். ஆகஸ்ட் 17, ஆவணி 1-லிருந்து வாடகை. அதுவரை என் பெட்டிகளை மாடியில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு வாரம் நானும் தாம்பரத்தில் சித்தப்பா வீட்டில்.

பேப்பரில் என்ன இருக்க வேண்டும்?

தெரிந்தவர் மூலம் கிடைத்த வீடு என்பதால் வாய்வார்த்தை போதும் என்று விட்டுவிடக் கூடாது. புரோக்கர் இல்லாத இடத்தில் பேப்பர்தான் சாட்சி. தமிழ்நாட்டில் 1960-ம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுக்கும் 2017-ம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவும் செய்ய வேண்டும். இதற்கு அரசின் இணையதளம் இருக்கிறது. '11 மாசம்தானே, பதிவு எதுக்கு?' என்பது பழைய காலத்துப் பேச்சு.

ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். 'வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை' என்ற அந்தச் சந்தில்தான் சென்னையின் ஆறு மாதமும் பத்து மாதமும் நுழைந்துகொள்கின்றன. எங்கள் நான்கு மாதமும் அந்தச் சந்து வழியாக வந்ததுதான். காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும், சண்டை என்றால் தண்ணீரையோ கரன்ட்டையோ நிறுத்தக் கூடாது என்பதும் இதே சட்டத்தில் இருக்கிறது.

டீச்சரம்மாவின் பழைய அக்ரிமென்ட் நகலில், காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை பிடித்தம் என்று இருந்தது. சென்னையில் பெரும்பாலும் எழுதாமலே பிடிக்கிறார்கள், இவர் எழுதியாவது வைத்திருந்தார். இரண்டு வருடத்துக்குள் காலி செய்தால்தான் அந்தப் பிடித்தம், அதற்கு மேல் இருந்தால் இல்லை என்று மாற்றக் கேட்டேன். மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ஜர்னலிசம் படிச்ச பிள்ளைன்னு அவ சொல்லவே இல்லையே" என்று சொல்லிவிட்டுத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்ட் 17, அம்மா பால் காய்ச்சினார். சாமான் பார்சல் லாரியில் வந்து, அங்கிருந்து குட்டி யானையில் வந்தது. ஏற்றி இறக்க எல்லாம் சேர்த்து 7,000 போக, மீதி 17,000-ஐ நகைக்கடனில் கட்டச் சொல்லிவிட்டார் அம்மா.

மறுநாள் ஒரு கவரில் 500 ரூபாய் வைத்து மாவுக் கடை அக்காவிடம் நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார். "உங்கம்மா வீட்லயே அரைக்கப் போறேன்னு சொல்லாம இருந்தா சரி" என்றார். அம்மா ஊரிலிருந்து கிரைண்டரைக் கொண்டுவந்துவிட்டார் என்பதை நான் அப்போது சொல்லவில்லை. காசைத் திருப்பிக் கொடுத்தபடியே, "உங்க ஆபீஸ்ல யாராச்சும் வீடு தேடுறாங்களா? மூணாவது தெருல ஒரு மாடி காலியாவுது" என்றார்.

தோழியைப் பற்றிச் சொன்னேன். பெயரையும் சேர்த்தே சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் ஃப்ரிட்ஜில் பாக்கெட்டுகளை அடுக்கினார்.

"அந்த வீட்டுக்காரர் ஒரு மாதிரி. ஆனா அந்தம்மா எங்கிட்டதான் மாவு வாங்குது. நான் பேசுறேன். ஞாயித்துக்கிழமை காலைல அந்தப் பொண்ண வரச் சொல்லு."